ஏர்ஹார்ட் எங்கே போனார்? ரேடியோ பதிவையும் வரைபடத்தையும் வைத்து நீங்களே சோதிப்பது எப்படி

பசிபிக் கடலில் மறைந்துபோன அமெரிக்கப் பெண் விமானி அமெலியா ஏர்ஹார்ட்டின் விமானம் கிடைத்துவிட்டது என்ற செய்தி சில வருடங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்துவிடும். ஒரு தடவை சோனார் படம் (ஒலியலையால் எடுக்கும் கடலடிப் படம்), இன்னொரு தடவை பழைய புகைப்படம், வேறொரு தடவை தீவில் கிடைத்த எலும்பு. சரக்கு மட்டும்தான் மாறும். அதை நம்புவதா தள்ளுவதா என்று முடிவு செய்ய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு வரைபடமும் ஒரு கப்பலின் ரேடியோ பதிவும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை இது.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937 ஜூலை 2 அன்று கிரீன்விச் நேரம் 00:00-க்கு (உள்ளூரில் காலை 10 மணி) நியூ கினியாவின் லே விமானதளத்திலிருந்து லாக்ஹீட் எலெக்ட்ரா 10-இ ரக விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஏர்ஹார்ட், வழி கணித்தவர் பான் அமெரிக்கனில் முன்பு வேலை பார்த்த ஃப்ரெட் நூனன். போய்ச் சேர வேண்டிய இடம் பசிபிக் நடுவில் உள்ள ஹௌலேண்ட் தீவு. நீளம் சுமார் 2.4 கி.மீ., அகலம் 0.8 கி.மீ., உயரம் 6 மீட்டர். அங்கே அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இட்டாஸ்கா கப்பல் காத்திருந்தது. விமானம் வந்து சேரவில்லை.

முதலில் மேசையில் என்னென்ன வேண்டும்

கூகுள் எர்த், ஒரு கால்குலேட்டர், சூரியன் நிற்கும் திசையைச் சொல்லும் ஒரு கருவி. கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் இணையக் கணிப்பான் போதும், ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளும் சரிதான். இட்டாஸ்காவின் ரேடியோ பதிவு நகலாகக் கிடைக்கிறது. கப்பலில் இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்ததால் பதிவும் இரண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வேலையில் பாதிப் பேர் சறுக்குவது அலகில்தான். கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ.; செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்துகட்டி எழுதும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். லே அன்று ஆஸ்திரேலியா நிர்வகித்த பகுதி என்பதால், அங்கே எழுதப்பட்ட எந்த எரிபொருள் கணக்கிலும் எந்த கேலன் என்று பார்க்காமல் பென்சிலை எடுக்க வேண்டாம். நேரமும் அப்படித்தான். இட்டாஸ்கா ஓட்டிய கடிகாரம் கிரீன்விச்சுக்கு 11 மணி 30 நிமிடம் பின்னால். அரை மணி நேர வித்தியாசம் நமக்கு ஐந்தரை மணிக் கணக்கில் பழகிப்போனது. 11 என்று போட்டால் கணக்கே குழம்பிவிடும். எல்லாவற்றையும் கிரீன்விச்சுக்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள்: கப்பலின் 07:42 என்பது 19:12, 08:43 என்பது 20:13.

தூரத்துக்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாகை என்பது எந்தப் பக்கம் போனாலும் கிட்டத்தட்ட 60 கடல் மைல். அட்சரேகை வித்தியாசத்தையும் தீர்க்கரேகை வித்தியாசத்தையும் பிதாகரஸ் முறையில் சேர்த்து 60-ஆல் பெருக்குங்கள். லே 6.73 தெற்கு, 147.0 கிழக்கு. ஹௌலேண்ட் 0.81 வடக்கு, 176.62 மேற்கு, அதாவது கிழக்காகவே எண்ணிக்கொண்டு போனால் 183.38. விடை சுமார் 2,220 கடல் மைல், 4,110 கி.மீ. தேதிக் கோட்டைத் தாண்டும் இடத்தில் மேற்கைக் கிழக்காக மாற்ற மறந்தால் விமானம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகும்.

வழியில் சொன்ன இடங்களைச் சோதிப்பது

லே நிலையத்துக்கு விமானத்திலிருந்து வந்த இரண்டு தகவல்கள் முக்கியம். 05:19-க்கு, 7.3 தெற்கு, 150.7 கிழக்கு. 07:18-க்கு, 4.33 தெற்கு, 159.7 கிழக்கு. பல வரைபடங்களில் இந்த இரண்டு புள்ளிகளையும் நேரத்தோடு குறித்துக் கோடு இழுத்திருப்பார்கள். நீங்கள் வகுத்துப் பாருங்கள். லேயிலிருந்து முதல் புள்ளி 225 கடல் மைல்; 5.3 மணி நேரத்தில் அவ்வளவுதான் என்றால் வேகம் 42 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). எலெக்ட்ரா அந்த வேகத்தில் காற்றில் நிற்காது, விழுந்துவிடும். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு 569 கடல் மைல், இரண்டு மணி நேரத்தில். 285 நாட். அந்த வேகத்துக்கு எலெக்ட்ரா பிறக்கவே இல்லை.

ஆகவே 05:19-க்குச் சொன்ன இடம் 05:19-க்கு அவர்கள் இருந்த இடம் அல்ல. எப்போதோ கணித்ததை அப்போது சொல்லியிருக்கலாம், அல்லது எண்ணைக் கேட்டு எழுதியதில் பிழை. அந்தப் புள்ளியை ஆதாரமாக வைத்து ‘தெற்கே சுற்றிப் போனார்கள்’ என்று கதை கட்டுபவர்களை இந்த ஒரு வகுத்தலிலேயே மடக்கிவிடலாம்.

இரண்டாவது புள்ளி நியாயமாக இருக்கிறது. லேயிலிருந்து 775 கடல் மைல், 106 நாட். அதிலும் ஒரு பொறி உண்டு. 4.33 என்பது தசமமா, 4 பாகை 33 கலையா (கலை என்பது பாகையில் 60-இல் ஒரு பங்கு)? 159.7 என்பது 159 பாகை 7 கலையாகவும் இருக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் இடையே கிழக்கு மேற்காக 35, வடக்கு தெற்காக 13 கடல் மைல் இடைவெளி. இரண்டையுமே குறித்து வையுங்கள். இரண்டும் நுக்குமானு தீவுகளுக்குப் பக்கத்தில்தான் விழும். அங்கிருந்து ஹௌலேண்ட் இன்னும் ஏறக்குறைய 1,450 கடல் மைல். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கடைசி இடம் இதுதான். அதற்குப் பிறகு முழுக்க இரவு.

157–337 என்பது என்ன, என்ன அல்ல

இட்டாஸ்கா கேட்டவற்றில் கடைசி நான்கைந்துதான் வழக்கின் உயிர். 17:44-க்கு, சுமார் 200 மைல் தொலைவில். 18:15-க்கு, சுமார் 100 மைல். 19:12-க்கு, ‘உங்கள் மேல்தான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைக் காண முடியவில்லை, பெட்ரோல் குறைகிறது, 1,000 அடியில் பறக்கிறோம்’. 19:28-க்கு, மிகப் பலமான ஒலியில் ஒரு செய்தி. ‘வட்டமிடுகிறோம்’ என்று அச்சில் வரும் அந்தச் சொல் மூலத்தாளில் அழித்து மேலே தட்டச்சு செய்யப்பட்டது. அதை வைத்து வாதாடுபவரிடம் தாளைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். 20:13-க்கு, ‘157 337 கோட்டில் இருக்கிறோம், வடக்கும் தெற்குமாக ஓடுகிறோம்’.

200-லிருந்து 100-க்கு 31 நிமிடம். கடல் மைல் என்றால் வேகம் 193 நாட். முடியாத வேகம். எனவே இவை அளந்த தூரங்கள் அல்ல. இடையில் எதையோ பார்த்துக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். எதைப் பார்த்திருப்பார்கள்? ஹௌலேண்டில் அன்று சூரிய உதயம் கிரீன்விச் 17:45 அளவில்.

இப்போது சூரியக் கணிப்பானைத் திறந்து ஹௌலேண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை, 1937 ஜூலை 2, நேரம் 17:45 என்று கொடுங்கள். சூரியன் இருக்கும் திசை, வடக்கிலிருந்து வலப்புறமாக எண்ணி, 67 பாகை என்று வரும். செக்ஸ்டன்ட் என்ற கோணமளக்கும் கருவியால் சூரியனின் உயரத்தை ஒருமுறை அளந்தால் கிடைப்பது ஒரு புள்ளி அல்ல, சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தான ஒரு கோடு. 67-உடன் 90 கூட்டினால் 157, 270 கூட்டினால் 337. நூனனின் கோடு பிறந்தது இப்படித்தான்.

அதே கணிப்பானில் நேரத்தை மட்டும் 20:13 ஆக்குங்கள். திசை 63-க்கு இறங்கிவிடும். அப்போது புதிதாக அளந்திருந்தால் கோடு 153–333 என்று வந்திருக்கும். திசை 67-ஆக நிற்பது ஏறக்குறைய 18:45 வரைதான். ஆக, 20:13-க்கு அவர் சொன்ன கோடு குறைந்தது ஒன்றரை மணி நேரம் பழையது. விடியலில் எடுத்ததை ஹௌலேண்ட் வரை நகர்த்தி வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் அந்தக் கோட்டைப் பற்றி யார் பேசினாலும் நாங்கள் காது கொடுப்பதில்லை.

கூகுள் எர்த்தில் ஹௌலேண்ட் வழியாக 157-க்கும் 337-க்கும் கோடு இழுங்கள். தென்கிழக்கில் 37 கடல் மைலில் பேக்கர் தீவு, சுமார் 350-இல் நிக்குமரோரோ (அன்று கார்ட்னர் தீவு என்று பெயர்) அந்தக் கோட்டை ஒட்டியே வரும். வடமேற்கில் வெறும் தண்ணீர். கோடு ஹௌலேண்ட் வழியாகத்தான் போகிறது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கிழக்கு மேற்காகப் பிழை இருந்தால் கோடு முழுவதுமே தள்ளி இருக்கும். அன்றைய கடல் வரைபடத்தில் தீவின் இடமே ஐந்தாறு கடல் மைல் பிசகி இருந்தது.

வடக்கு தெற்குப் பிழை அதைவிடப் பெரிது. காலைச் சூரியன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரவில் நட்சத்திரம் தெரிந்திருந்தால் பிழை 10 கடல் மைலுக்குள் இருந்திருக்கும். மேகம் மறைத்திருந்தால், ஓடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம்: 1,450-க்கு 145. இரவில் ஏர்ஹார்ட் சொன்னதாகப் பதிவாகியிருப்பது மேகமூட்டம்தான். உங்கள் வரைபடத்தில் கோட்டுக்கு இருபுறமும் 15, நெடுக்கில் இருபுறமும் 145 கடல் மைல் வைத்து ஒரு பட்டை வரையுங்கள். 8,700 சதுரக் கடல் மைல், அடியில் சுமார் 5 கி.மீ. ஆழம். 2002, 2006, 2017 ஆண்டுகளில் நாட்டிகோஸ் நிறுவனம் சோனாரோடு போய்த் தேடியும் வெறுங்கையோடு திரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

பக்கத்தில் வந்தும் ஏன் தெரியவில்லை?

1,000 அடியிலிருந்து தொடுவானம் 60 கி.மீ.க்கு அப்பால். அதை மட்டும் பார்த்துவிட்டு ‘தெரியாமல் இருக்க வழியே இல்லை’ என்பார்கள். 30 கி.மீ. தொலைவில் தீவு எப்படித் தெரியும் என்று போட்டுப் பாருங்கள். 305 மீட்டர் உயரம், 30,000 மீட்டர் தூரம். பார்வை ஏறக்குறைய தரையோடு தரையாகப் போகிறது. 800 மீட்டர் அகலத் தீவு அந்தச் சாய்வில் 8 மீட்டராகச் சுருங்கிவிடும். அதைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி, கை நீட்டிய தூரத்துக்குக் கொண்டு வந்தால் 0.16 மி.மீ. தடிமன், 5 செ.மீ. நீளம். ஒரு தையல் நூல் துண்டு. அதை உதயச் சூரியனை நோக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே மேக நிழல்கள் ஓடும் கடலில் தேட வேண்டும். ஒவ்வொரு மேக நிழலும் ஒரு தீவு மாதிரியே இருக்கும். இட்டாஸ்கா புகை விட்டது, அதுவும் உதவவில்லை.

பெட்ரோல் கணக்கு

கிளம்பும்போது ஏறக்குறைய 1,100 அமெரிக்க கேலன், 4,164 லிட்டர். லாக்ஹீட் பொறியாளர் கெல்லி ஜான்சன் கொடுத்த சிக்கன அட்டவணைப்படி, 8,000 அடியில் முதல் மூன்று மணி நேரம் மணிக்கு 60 கேலன், அடுத்த மூன்றுக்கு 51, அதற்கடுத்த மூன்றுக்கு 43, பிறகு 38. மேலேறும் முதல் ஒரு மணிக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது மணி முடிவில் 562 காலி, மீதி 538. அதை 38-ஆல் வகுத்தால் இன்னும் 14 மணிக்கு மேல். மொத்தம் 24 மணி 10 நிமிடம். 20:13-க்கு 150 கேலன், அதாவது சுமார் 4 மணி நேரப் பெட்ரோல் மிச்சம்.

அதே கணக்கை மறுபக்கமிருந்து போடுங்கள். 20 மணி 13 நிமிடத்தில் டேங்க் வற்ற வேண்டுமானால் சராசரி மணிக்கு 54 கேலன் எரிந்திருக்க வேண்டும். எதிர்க்காற்றைச் சமாளிக்க இன்ஜினைக் கூடுதலாக முடுக்கினால் இது நடக்கக்கூடியதே. 07:18-க்கு அவரே 23 நாட் காற்று என்கிறார். 2,220-ஐ 19.2-ஆல் வகுத்தால் தரை வேகம் 116 நாட். 130 நாட்டில் பறக்கும் விமானத்துக்கு அது குறைவு. ‘பெட்ரோல் குறைகிறது’ என்ற வார்த்தையையும் சேர்த்தால் எங்கள் தராசு வற்றிய பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நான்கு மணி நேரக் கணக்கையும் கைவிடாமல் வைத்திருங்கள், அடுத்த சோதனைக்கு அதுதான் வேண்டும்.

130 நாட்டில் நிக்குமரோரோ 2.7 மணி. தாராளக் கணக்கில் போய்ச் சேரலாம், இறுக்கக் கணக்கில் முடியாது. மார்ஷல் தீவுகளின் மிலி 770 கடல் மைல், ஏறக்குறைய 6 மணி. தாராளக் கணக்கிலும் பெட்ரோல் போதாது, திசையும் 337-லிருந்து 40 பாகைக்கு மேல் விலகுகிறது. மேற்கே இன்னும் வெகுதூரத்தில் உள்ள சைப்பான் தீவுக்குப் பறந்து போனார்கள் என்பவரிடம் வாதமே தேவையில்லை, ஸ்கேலைக் கொடுங்கள். ‘அவர்கள் ஹௌலேண்ட் பக்கமே வரவில்லை’ என்றால், இட்டாஸ்காவில் ஒலி அவ்வளவு பலமாக ஏன் கேட்டது என்பதற்கும் பதில் வேண்டும்.

ரேடியோவில் எங்கே கோளாறு

அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் மாற்ற 300,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். ஏர்ஹார்ட் பேசியது இரவில் 3105, பகலில் 6210. கப்பலைத் தன் வளைய ஆன்டெனாவால் திசை பார்க்க அவர் கேட்டது 7500, அதாவது 40 மீட்டர். அந்த உயர் அதிர்வெண்ணில் வளையம் திசை காட்டாது. ஒலி கேட்கும், வளையத்தை எப்படித் திருப்பினாலும் ஒலி தேயும் கோணம் கிடைக்காது. 19:30-க்கு அவர் சொன்னதும் அதேதான்: சிக்னல் கிடைத்தது, தேயும் இடம் பிடிபடவில்லை. 400 மீட்டர் என்றிருந்தால் 750 கிலோஹெர்ட்ஸ், வேலை செய்திருக்கும். ஒரு சுழியத்தில் வந்த குழப்பமோ என்ற சந்தேகத்துக்கு இதுவே காரணம்.

மறுபக்கமும் அதே கதி. கப்பலின் ரேடியோ திசைகாட்டி 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். அதற்குத் தேவையான நீண்ட தொங்கு ஆன்டெனாவை விமானத்தில் ஏற்கெனவே கழற்றியாயிற்று. இருவருக்கும் மோர்ஸ் தந்திக் குறி சரளம் இல்லை. ஏர்ஹார்ட் ஒவ்வொரு முறையும் சில நொடிகளே பேசினார், யாரும் திசை பிடிக்க அது போதாது.

செய்தி வந்தால் எதைக் கேட்பது

மறைந்த பிறகு கேட்டதாகச் சொல்லப்படும் ரேடியோ அழைப்புகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: மின்சாரம் எங்கிருந்து? பேட்டரி சீக்கிரம் தீரும், அதை ஏற்ற இன்ஜின் ஓட வேண்டும். மிதக்கும் விமானத்தால் இது முடியாது. எனவே நாள்கணக்கில் அழைப்பு வந்தது என்று ஏற்றால் விமானம் சக்கரத்தில் நின்றது என்றும் ஏற்க வேண்டும்.

எலும்பு என்றால் எலும்பு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்குமரோரோவில் 1940-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜெரால்ட் கல்லாகர் கண்டெடுத்ததை 1941-இல் ஃபிஜியில் மருத்துவர் ஹூட்லெஸ் அளந்து, ஆணுடையது என்றார். பிறகு எலும்புகள் தொலைந்துபோயின. 2018-இல் மானுடவியலாளர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ் ஏர்ஹார்ட்டோடு பொருந்துகிறது என்றது அந்த ஏழு அளவு எண்களை வைத்துத்தான். அதே கரையில் 1929-இல் தரைதட்டிய நார்விச் சிட்டி கப்பலில் 11 பேர் இறந்திருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

புகைப்படம் என்றால் முதலில் தேதி. மார்ஷல் தீவுகளின் ஜலூயிட் துறைமுகத்தில் ஏர்ஹார்ட் உட்கார்ந்திருப்பதாக 2017-இல் தொலைக்காட்சியில் காட்டிய படம், 1935-இலேயே ஒரு ஜப்பானிய மொழிப் பயண நூலில் அச்சாகியிருந்தது. ஒரு ஜப்பானிய வலைப்பதிவர் நூலகத் தேடலில் அதைக் கண்டுபிடித்தார். ஏர்ஹார்ட் மறைவதற்கு இரண்டு வருடம் முந்தைய அச்சு.

சோனார் படம் என்றால் ஸ்கேலை எடுங்கள். எலெக்ட்ரா 10-இன் இறக்கை வீச்சு 16.76 மீட்டர், நீளம் 11.76 மீட்டர். இறக்கையின் முன்விளிம்பு கொஞ்சமே சாயும், ஜெட் விமானம் மாதிரிப் பின்னோக்கி மடங்கியிருக்காது. வாலில் செங்குத்துத் துடுப்பு இரண்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. இறக்கையில் இரண்டு இன்ஜின் புடைப்புகள். 2024 ஜனவரியில் ஹௌலேண்டிலிருந்து 160 கி.மீ. தொலைவில், ஏறக்குறைய 4,900 மீட்டர் ஆழத்தில் எடுத்ததாக வந்த மஞ்சள் நிறப் படத்தில் இறக்கை அம்பு மாதிரிப் பின்னோக்கி வளைந்திருந்தது, இன்ஜின் புடைப்பே இல்லை. அப்போதே சந்தேகித்தவர்கள் உண்டு. அதே வருடம் நவம்பரில் கேமராவோடு திரும்பப் போய்ப் பார்த்தார்கள்: பாறை.